“பார்க்கலாம்”னா வர்றேன்னு அர்த்தமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முடிச்ச எந்த சீனியரையாவது பிடிச்சு, “ப்ராஜெக்ட்லயே செம போர் எது?”ன்னு கேட்டுப் பாருங்க. யோசிக்காம “டாக்குமென்டேஷன்”னுதான் சொல்வார். போன வருஷ ரிப்போர்ட்டைக் கடன் வாங்கி, தலைப்பை மாத்தி, பேரை மாத்தி, நன்றியுரையில ஹெச்.ஓ.டி. இனிஷியலை மட்டும் ரெண்டு தடவை செக் பண்ணி, தங்க எழுத்து போட்டு பைண்டிங் பண்ணினா ஜோலி முடிஞ்சது. வைவாவுக்கு வர்ற எக்ஸ்டர்னல் நாலு பக்கம் புரட்டுவார். அவரும் பாவம், அன்னிக்கு ஒரு அலமாரி புக்கைப் புரட்டியாகணும்.

யாருமே படிக்காத ஒண்ணை எதுக்கு எழுதணும்? நியாயமான கேள்வி. ஆனா, இப்போ புதுசா ஒரு வாசகர் வந்திருக்கார். நீங்க எழுதின டாக்குமென்டேஷனை முதல் எழுத்துலேர்ந்து கடைசிப் புள்ளி வரைக்கும், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே படிக்கிறார். படிச்சதோட விடறதில்லை, அதுல சொன்னபடியே நடந்துக்கறார். நீங்க சொல்லாம விட்ட இடத்துல தானா ஒண்ணை ஊகிச்சுக்கிட்டும் நடந்துக்கறார். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்குது. அவர் பேரு ஏ.ஐ. ஏஜென்ட்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற ஜூனியர் தம்பி ஒருத்தன், போன மாசம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தான். “அண்ணா, ப்ராஜெக்ட் சூப்பரா ஓடுது. ஆனா ரூம்மேட் பேச மாட்டேங்கிறான்”னான். லவ் மேட்டர்னு நெனச்சு ஆர்வமா உக்காந்தேன். கடைசியில பார்த்தா, டாக்குமென்டேஷன் மேட்டர்!

அவன் மாமா வெளிநாட்டுலேர்ந்து ஒரு பெண்டன்ட் வாங்கிட்டு வந்து கொடுத்திருக்கார். கழுத்துல மாட்டிக்கலாம், சட்டையில குத்திக்கலாம். பெரிய சைஸ் பட்டன் மாதிரி இருக்கும். உள்ளே மைக். நாள் முழுக்க நீங்க பேசறது, உங்ககிட்ட மத்தவங்க பேசறது எல்லாத்தையும் கேட்டு, போனுக்கு அனுப்பி, எழுத்தா மாத்தி, சுருக்கமும் எழுதி வெச்சிடும். ‘நான் மறந்துட்டேன்’ங்கிற வசனத்துக்கே வேலையில்லாம பண்றதுதான் இதோட லட்சியம்.

இந்த ஆசை ரொம்பப் பழசு. அமெரிக்க இன்ஜினீயர் வானிவர் புஷ் 1945லேயே, ஒரு மனுஷன் தன்னோட புத்தகம், கடிதம், குறிப்பு எல்லாத்தையும் சேர்த்து வெச்சு நொடியில எடுத்துப் பார்க்கிற ‘மெமெக்ஸ்’னு ஒரு மேஜையைக் கற்பனை பண்ணி எழுதினார். மைக்ரோசாஃப்ட்ல இருந்த கார்டன் பெல், ‘மைலைஃப்பிட்ஸ்’ங்கிற பேர்ல தன் வாழ்க்கையையே ஸ்கேன் பண்ணி சேர்த்தார். அதெல்லாம் ஆராய்ச்சி. கடைச்சரக்கா வந்தது இப்பத்தான். 2024 ஏப்ரல்ல லிமிட்லெஸ்னு ஒரு கம்பெனி 99 டாலருக்கு பெண்டன்ட் அறிவிச்சது. ‘பீ’ன்னு ஒண்ணு 50 டாலருக்கு கையில கட்டுற பட்டையா வந்தது. ‘ஓமி’ன்னு ஒண்ணு கோடையே திறந்து வெச்சிருக்கு, வேணும்னா நீங்களே நோண்டலாம்.

பெண்டன்ட் கேட்டு வெச்சுக்கும், சரி. அதை யார் தேடறது? ஒரு வாரப் பேச்சை உக்காந்து படிக்கிற அளவுக்கு நமக்குப் பொறுமை இருந்தா யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட் வந்திருப்போமே! அதுக்குத்தான் ஏஜென்ட். சாதா சாட்பாட், கேட்டதுக்கு பதில் சொல்லும். ஏஜென்ட், கையில நாலு டூலை வெச்சுக்கிட்டு வேலையும் பார்க்கும். காலண்டரைத் திறக்கும், மெயில் அனுப்பும், ரெக்கார்டிங்கைத் தோண்டி எடுக்கும்.

அந்த டூலை ஏஜென்ட்டோட கோர்க்கிற முறைக்கு எம்.சி.பி.ன்னு பேரு. ஆந்த்ரோபிக் கம்பெனி 2024 நவம்பர்ல வெளியிட்டது. மறு வருஷமே ஓப்பன்ஏ.ஐ., கூகுள் எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க. பஸ் ஸ்டாண்ட் கடையில ஒரு காலத்துல ஏழு தலை சார்ஜர் தொங்கும், ஞாபகம் இருக்கா? உருண்டை பின், தட்டை பின், எந்த போனுக்கும் சேராத ஒரு மர்ம பின்னுன்னு. ஏ.ஐ.யும் ஆப்களும் அந்த நிலைமையிலதான் இருந்தது. எம்.சி.பி. வந்து எல்லாத்துக்கும் ஒரே பின்னை வெச்சது.

இதுல ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பேர், அது என்ன செய்யும்னு ஒரு விளக்கம், என்னென்ன தகவல் கொடுத்துக் கேட்கணும்னு ஒரு பட்டியல். அவ்வளவுதான். ஏஜென்ட் உங்க கோடைத் திறந்து பார்க்கிறதில்லை. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த விளக்கம்தான். எந்த டூலை எடுக்கணும், எப்படிக் கேட்கணும், வந்த பதிலை எப்படிப் புரிஞ்சுக்கணும் எல்லாமே அதிலிருந்துதான். வாசல்ல மாட்டியிருக்கிற போர்டை மட்டும் படிச்சுட்டு வீட்டுக்குள்ளே போய் சமைக்கவும் ஆரம்பிக்கிற விருந்தாளின்னு வெச்சுக்கோங்களேன்.

நம்ம தம்பி அந்த போர்டுல என்ன எழுதியிருந்தான்னு கேட்டேன். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். தமிழ்ல சொன்னா ஒரே வரி: ‘ரெக்கார்டிங்குகளை எடுத்துத் தரும்.’

“இவ்ளோதானா?”

“வேற என்னண்ணா எழுதறது? அதைத்தானே செய்யுது!”

நடந்தது இதுதான். ஹாஸ்டல்ல எட்டு பேர் கொடைக்கானல் ட்ரிப் ப்ளான் பண்ணியிருக்காங்க. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி உக்காந்து பேசியிருக்காங்க. சனிக்கிழமை காலையில, யார் யார் வர்றா, யார் எவ்வளவு தர்றான்னு ஏஜென்ட்டைக் கேட்டிருக்கான் தம்பி. அது ஜம்முனு ஒரு லிஸ்ட் கொடுத்தது. ‘உங்கள் ரூம்மேட் வெள்ளி மாலை 7.10-க்கு, 1,800 ரூபாய் தந்து வருவதாக ஒப்புக்கொண்டார்.’ தம்பியும் அதை நம்பி வேன் அட்வான்ஸ் கட்டிட்டு, ரூம்மேட்கிட்ட போய் கையை நீட்டியிருக்கான்.

“நான் எப்படா சொன்னேன்?”

“நேத்து சாயங்காலம் ஏழு பத்துக்கு.”

“ஏழு பத்துக்கு நான் ஊர்லேர்ந்து பஸ்ல வந்துட்டு இருந்தேன்டா!”

டிக்கெட்டை எடுத்துக் காட்டிட்டானாம். இவனும் விடலை. “ரெக்கார்டிங் பொய் சொல்லுமா?”ன்னு கேட்டிருக்கான். ரெண்டு பேர் சொல்றதுல மெஷின் சொல்றதுதான் சரின்னு எடுத்துக்கிறது நமக்கெல்லாம் இப்போ வியாதியாவே ஆயிடுச்சு. அதுலதான் சண்டை.

நானும் தம்பியும் உக்காந்து பழைய பதிவைத் தோண்டினோம். முதல் குட்டு ஈஸியா உடைஞ்சது. பதிவுல இருந்த நேரம் யு.டி.சி., அதாவது உலகப் பொது நேரம். நாம அதுக்கு அஞ்சரை மணி நேரம் முன்னாடி இருக்கோம். சாயங்காலம் 7.10ன்னா நம்ம கடிகாரத்துல நடுராத்திரி 12.40. ரூம்மேட் பஸ்ஸை விட்டு இறங்கி, மெஸ்ல மிச்சமிருந்ததை சாப்பிட்டு, ட்ரிப் பேச்சுல வந்து உக்காந்த நேரம். ரெண்டு பேரும் சொன்னது உண்மை. ‘இந்த நேரம் யு.டி.சி.யில் இருக்கிறது’ன்னு ஒரு வரி எழுதாததுதான் பொய்.

சரி, நேரத்தை நம்ம நேரமா மாத்திட்டா தீர்ந்ததா? இல்லையே! இப்போ ஏஜென்ட், ‘நேத்து’ன்னா வெள்ளிக்கிழமை, அது ராத்திரி பன்னண்டோட முடிஞ்சிடும்னு எடுத்துக்கும். ஹாஸ்டல் வாசிகளுக்கு ‘நேத்து ராத்திரி’ எத்தனை மணிக்கு முடியும்னு உங்களுக்கே தெரியும். 12.40 பேச்சு சனிக்கிழமை கணக்குல உக்காந்துக்கும். ஏஜென்ட் வெள்ளிக்கிழமையை மட்டும் துழாவிட்டு, ‘அப்படி எதுவும் பேசவில்லை’ன்னு சாதிக்கும். ஆக, ‘நேற்று இரவு என்று கேட்டால் மறுநாள் காலை 5 மணி வரை தேடு’ன்னு எழுதியாகணும். சின்ன விஷயம்தான். ஆனா, இது எந்த டெக்ஸ்ட் புக்லயும் வராது. பேசறவங்க எப்படி வாழறாங்கன்னு தெரிஞ்சவன்தான் எழுத முடியும்.

ரெண்டாவது குட்டு இதைவிட மோசம். தம்பியோட டூல் ஒரு தடவைக்கு 10 துண்டுப் பதிவுதான் கொடுக்கும். மிச்சம் வேணும்னா, ‘அடுத்த பக்கம்’னு ஒரு அடையாளச் சீட்டு வரும், அதைக் காட்டித் திரும்பக் கேட்கணும். இது இவனோட கண்டுபிடிப்பு இல்லை. இந்த மாதிரி டூல்கள்ல சகஜம். லிமிட்லெஸ் 2025ல் டெவலப்பர்களுக்குத் திறந்துவிட்ட வாசல்லயும் இப்படித்தான் இருந்தது. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10, டைம் ஸோன் சொல்லலைன்னா யு.டி.சி.ன்னு அவங்க டாக்குமென்டேஷன்ல ஒளிவுமறைவில்லாம எழுதியிருந்தாங்க. ஏன் மொத்தமா கொட்டறதில்லைன்னா, நிமிஷத்துக்கு 100 வார்த்தைன்னு கம்மியா வெச்சாலே, அஞ்சு மணி நேரப் பேச்சு 30,000 வார்த்தை. அதை அப்படியே ஏஜென்ட் வாயில திணிச்சா, செமஸ்டருக்கு முந்தின ராத்திரி முழு சிலபஸையும் படிச்ச நம்மள மாதிரி, நடுவுல இருக்கிறதை எல்லாம் கோட்டை விட்டுடும்.

தம்பியோட ஏஜென்ட்டுக்கு அடையாளச் சீட்டு பத்தி யாரும் சொல்லலை. பத்தைப் படிச்சுட்டு, கதை முடிஞ்சதுன்னு எழுந்து வந்துடுச்சு. பதினொண்ணாவது துண்டைத் திறந்தோம். ரூம்மேட் குரல்: “இல்லடா, அப்பாகிட்ட கேட்கணும். என்னைக் கணக்குல வெச்சுக்காதீங்க.”

தம்பி ரொம்ப நேரம் பேசலை.

அப்போ பத்து துண்டுக்குள்ள அவன் ‘ஒப்புக்கொண்டார்’னு எங்கேர்ந்து வந்தது? அதையும் தேடினோம். எழுத்துல இருந்த வார்த்தை: ‘பார்க்கலாம்.’

தமிழ்நாட்டுல பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் தெரியும், ‘பார்க்கலாம்’னா மரியாதையா ‘மாட்டேன்’னு அர்த்தம். கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது, கடன் கேட்கும்போது, ட்ரிப்புக்குக் கூப்பிடும்போது, ‘பார்க்கலாம்’னு ஒருத்தர் சொன்னா அங்கேயே புரிஞ்சுக்கணும். சொல்ற தொனியில இருக்கு விஷயம். அந்த ‘லா’வை எவ்வளவு நீட்டறாங்கங்கிறதைப் பொறுத்து அர்த்தம் மாறும்! எழுத்தா மாறும்போது தொனி காணாமப் போயிடுது. எழுத்துலேர்ந்து சுருக்கம் எழுதும்போது, தயக்கமும் சேர்ந்து காணாமப் போயிடுது. கடைசியில ‘ஒப்புக்கொண்டார்.’ இதே லாஜிக்ல, “நீ கிழிச்ச”ன்னு ஹாஸ்டல்ல சொல்றதையெல்லாம் அது என்னன்னு புரிஞ்சுக்கும்னு யோசிச்சா தலை சுத்துது.

குரல், எழுத்து, சுருக்கம். இது மூணும் மூணு சரக்கு. குரல் நடந்தது. எழுத்து, மெஷின் காதுல விழுந்தது. சுருக்கம், மெஷின் மனசுல பட்டது. டூல் இதுல எதைக் கொடுக்குதுன்னு டாக்குமென்டேஷன் சொல்லணும். யார் பணம் தர்றேன்னாங்க, யார் வர்றேன்னாங்கங்கிற மாதிரி தலை போற விஷயம்னா, சுருக்கத்தை வெச்சு முடிவு சொல்லாதே, அந்த வரியையும் நேரத்தையும் அப்படியே காட்டுன்னு எழுதணும். எல்லாக் கருவியிலயும் குரலுக்குத் திரும்பிப் போகவும் முடியாது. ‘பீ’ மாதிரி சிலது எழுத்தா மாத்தினதும் குரலை வெச்சுக்காம விட்டுடற டைப். அப்போ ‘ஒரிஜினல் ஆடியோ கிடையாது’ன்னும் சொல்லியாகணும். இல்லாட்டி இல்லாத ஒண்ணைத் தேடி ஏஜென்ட் அல்லாடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி ஒண்ணை தம்பியே எழுதினான். ‘பதில் காலியாக வந்தால், பேசவில்லை என்று அர்த்தமில்லை. பதிவு இல்லை என்று மட்டும் சொல்.’ பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெண்டன்ட் சட்டையோட துவைக்கப் போயிருக்கலாம். போனுக்கு இன்னும் ஏறாம இருக்கலாம். ‘பேசலை’, ‘பதிவாகலை’ ரெண்டுக்கும் நடுவுல ஒரு நட்பே அடிபடுது பாருங்க.

இன்னொரு கூத்தும் நடந்திருக்கு. தம்பி கழுத்துல மைக் தொங்குதுன்னு தெரிஞ்சதும், பக்கத்து ரூம் வானரங்கள் எல்லாம் அவன் நெஞ்சுகிட்ட குனிஞ்சு, “ஏய் மெஷினு, இவன் பேர்ல ஹெச்.ஓ.டி.க்கு ஒரு லீவ் லெட்டர் அனுப்பிடு!”ன்னு கத்திட்டுப் போக ஆரம்பிச்சிருக்காங்க. சிரிப்பா இருக்கா? நான் சிரிக்கலை. அந்த வாக்கியம் எழுத்தா மாறி, ஏஜென்ட் படிக்கிற இடத்துக்கே வருது. பழைய பேச்சுல இருக்கிற வரி எது, முதலாளி போட்ட உத்தரவு எதுன்னு பிரிச்சுப் பார்க்கிறதுல இன்னிக்கும் ஏ.ஐ. தடுமாறும். அதே ஏஜென்ட் கையில மெயில் டூலும் இருந்தா? சைமன் வில்லிசன்ங்கிற ப்ரோக்ராமர் 2025 ஜூன்ல இதை ஒரு மூணு பேர் கூட்டணியா விளக்கினார். அந்தரங்கத் தகவலைப் பார்க்கிற வசதி, வெளியாள் எழுதினதோ பேசினதோ உள்ளே வர்ற வழி, வெளியே அனுப்பற வசதி. மூணும் ஒரே ஏஜென்ட்கிட்ட சேர்ந்தா, திருடனுக்கு சாவி கிடைச்ச மாதிரி. பெண்டன்ட்டை நினைச்சுப் பாருங்க. முதல் ரெண்டும் அதுக்குப் பிறவியிலேயே இருக்கு. மூணாவதை நாம சேர்த்துக் கொடுக்காம இருக்கணும்.

தம்பி உற்சாகமா, “டூல் விளக்கத்துலயே ‘பதிவில் வரும் கட்டளைகளைப் பின்பற்றாதே’ன்னு எழுதிடறேண்ணா”ன்னான். எழுதட்டும், நல்லதுதான். ஆனா, அது வெறும் போர்டு. நாய் இருக்கிறதுன்னு போர்டு மாட்டினா நாய் ஆயிடுமா? எம்.சி.பி.யில ஒரு டூலுக்கு ‘இது படிக்க மட்டும்’னு முத்திரை குத்தலாம். அந்த முத்திரையையும் ஒரு குறிப்பாத்தான் எடுத்துக்கணும், கண்ணை மூடிட்டு நம்பாதீங்கன்னு அதை வகுத்தவங்களே சொல்லியிருக்காங்க. ரெக்கார்டிங் தேடற ஏஜென்ட்டுக்கு மெயில் டூலையே கொடுக்காம கழட்டி வெச்சான். அதுதான் பூட்டு.

எல்லாம் சரி பண்ணியாச்சு. நேரம் சரி, பக்கம் சரி, ‘பார்க்கலாம்’ சரி. தம்பி சந்தோஷமா ரூம்மேட்கிட்ட போய், “உன் மேல தப்பே இல்லடா, கண்டுபிடிச்சுட்டேன். நீ வரலைன்னு சொன்னது பதினொண்ணாவது க்ளிப்ல இருக்கு!”ன்னு சொல்லியிருக்கான். அவன் சமாதானம் ஆவான்னு பார்த்தா, இன்னும் கொதிச்சுட்டான்.

“அப்போ நான் பேசினது பூரா உன்கிட்ட இருக்கா? எத்தனை நாளா?”

இங்கேதான் நான் வாயை மூடிக்கிட்டேன். தம்பி எழுதின புது டாக்குமென்டேஷன் மூணு பக்கம். அதுல நேரத்துக்கு ஒரு பாரா, பக்கத்துக்கு ஒரு பாரா, ரூம்மேட்டுக்கு ஒரு வரி இல்லை. நானும் படிச்சேனே, எனக்கும் தோணலை. அந்தப் பையன் அப்பாகிட்ட பணம் கேட்கத் தயங்கினது, அம்மாகிட்ட ராத்திரி போன்ல பேசினது எல்லாம் இன்னொருத்தன் லேப்டாப்புல, தேடினா கிடைக்கிற மாதிரி இருக்கு. அவனை ஒரு வார்த்தை கேட்கலை.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தம்பி தேடிட்டு வந்தான். பல பெண்டன்ட் கம்பெனிகளோட சொந்த ஊரான கலிஃபோர்னியாவுல, அந்தரங்கமான பேச்சைப் பதிவு பண்ண பேசற எல்லாரோட சம்மதமும் வேணும். நம்ம ஊர் 2023 டிஜிட்டல் தனிநபர் தகவல் சட்டமோ, ஒரு தனி ஆள் தன் சொந்த உபயோகத்துக்கு வெச்சுக்கிற தகவலுக்குப் பொருந்தாது. “அப்போ நான் பண்ணினது தப்பில்லையாண்ணா?”ன்னு கேட்டான். சட்டப்படி கேட்கறியா, ரூம் கதவுப்படி கேட்கறியான்னேன்.

இதுல கம்பெனிகளையும் கணக்குல எடுக்கணும். ‘பீ’யை 2025ல் அமேசான் வாங்கிடுச்சு. லிமிட்லெஸ்ஸை அதே வருஷம் டிசம்பர்ல மெட்டா வாங்கினதும், புதுசா பெண்டன்ட் விக்கிறதையே நிறுத்திட்டாங்க. சட்டையில குத்திக்கிற இன்னொரு கருவி, 699 டாலர் ஹ்யூமேன் பின், 2025 பிப்ரவரி 28ஆம் தேதியோட வேலையையே நிறுத்திக்கிச்சு. ரூம்மேட்டோட பேச்சு இன்னிக்கு ஒருத்தர் வீட்டுல இருக்கும், நாளைக்கு யார் வீட்டுலயோ? அவன் எந்த ஃபார்ம்லயும் ‘ஐ அக்ரி’ அழுத்தலை.

தம்பி பழசையெல்லாம் அழிச்சான். ரூம்மேட்டைப் பக்கத்துல உக்கார வெச்சு, அவன் கண் முன்னாடியே. அப்புறம் டாக்குமென்டேஷன்ல கடைசிப் பகுதியை ரூம்மேட்டே சொல்லச் சொல்ல இவன் டைப் அடிச்சான். ‘ரூமுக்குள் பெண்டன்ட் அணைக்கப்பட்டிருக்கும். அந்த நேரத்தைப் பற்றிக் கேட்டால் ஊகிக்காதே. கூட இருந்தவர்களைக் கேட்கச் சொல்.’ நிஜமாவே அணைச்சுட்டு, கதவுக்குப் பின்னாடி இருக்கிற ஆணியில மாட்டிடறான். அது கோட் இல்லை, ஆணி. ஆனா, இந்த ப்ராஜெக்ட்லயே நல்லா வேலை செய்யற பகுதி அதுதான்னு நினைக்கிறேன்.

போன ஞாயித்துக்கிழமை ரூமுக்குப் போயிருந்தேன். எக்ஸ்டர்னல் வர்றதுக்குள்ள டெமோ ஒத்திகை. கொடைக்கானல் ட்ரிப் அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போயிருக்கு. தம்பி சும்மா சீண்டிப் பார்க்க, “ட்ரிப் பத்தி நேத்து ராத்திரி ரூம்ல என்ன முடிவாச்சு?”ன்னு டைப் பண்ணினான். ஏஜென்ட் ரெண்டே வரி போட்டது: ‘அந்த நேரத்துக்குப் பதிவு இல்லை. உங்களுடன் இருந்தவரைக் கேட்கவும்.’

தம்பி பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பினான்.

“டேய், வர்றியா இல்லியாடா?”

போர்வைக்குள்ளேர்ந்து குரல் வந்தது. “பார்க்கலா...ம்டா.”